வெளித்தாழ்ப்பாள்

"ஓட்டக்காரன் வெளிநாட்டுல பயிற்சியில இருக்கானாம். அவங்கப்பாவே சொன்னாராம். வந்தா ஒரு சென்ட் பாட்டில் கேக்கணும்" என்று எதிர்வீட்டுக்காரர் தெருவில் யாரிடமோ சொல்வது, வெளித்தாழ்ப்பாள் போட்ட மாடியறைக்குள் இருந்த ஓட்டக்காரனின் காதில் விழுந்தது.

முழங்கால் வலிக்கென்று அப்பா உடைத்துக் கொடுத்த பாதி மாத்திரையில் தொடங்கிய பழக்கம், இப்போது அட்டை அட்டையாகக் கேட்கிறது. போதை மீட்பு இல்லத்தில் அவனே கெஞ்சி இடம் பிடித்திருந்தான். இன்று அவர்கள் கூப்பிடும்போது எடுக்காவிட்டால் அந்த இடம் வேறொருவருக்குப் போய்விடும்.

கதவுக்கு வெளியே, அப்பாவின் சட்டைப்பையில் அவனுடைய போன் அடித்தது.

"எடுங்கப்பா. அவங்கதான்."

"அங்க போனா ஊரே சிரிக்கும்டா. மெடல் வாங்கின காலு அது. உள்ள ஓடுற மிஷின் சத்தத்தையே காணோம்?"

"எடுங்க, ஓடறேன்."

"முதல்ல ஓடு."

அவன் ஓடினான். மிஷின் இரைச்சலுக்கு நடுவே காதைத் தீட்டிக்கொண்டு ஓடினான். போன் அடித்துக்கொண்டே இருந்தது.