சிரிப்புக்கு விட்ட இடைவெளி

மேடை நகைச்சுவை என்பது, பேசிவிட்டு வாயை மூடிக்கொண்டு சிரிப்புக்காகக் காத்திருக்கும் தொழில். சிரிப்பு வராமல் நின்றிருக்கும் சக பாவிகளே, இது உங்களுக்குத்தான்.

கைகட்டிய ரசிகர்

அம்பத்தூரில் ஒரு காபிக் கடை மாடி. என்னைப்போல் எம்.ஏ. படிக்கும் பெண்ணிடம் சொந்தக்காரர்கள் கேட்கும் கேள்விகளைக் கிழித்துத் தொங்கவிட்டேன். முன்வரிசை அண்ணன் ஒருவர் கட்டிய கையைக் கடைசிவரை அவிழ்க்கவில்லை. முடிந்ததும் நேராக வந்தார். "நல்லாத்தான் பேசுற தங்கச்சி. காமெடி எப்போ ஸ்டார்ட் ஆவும்?"

மண்ணூர்பேட்டைத் தீர்ப்பு

வீட்டில் அம்மாவிடம் நியாயம் கேட்டேன். மாதா கோயில் பாட்டுக் குழுவில் ஒரு ஞாயிறும் தவறாதவள், என் மேடைக்கு ஒருநாளும் வந்ததில்லை. இதுவும் வேலைதான் என்று குக்கர் விசில் அடங்கும்வரை வாதாடினேன். பூண்டை உரித்து முடித்துவிட்டுச் சொன்னாள்: "சினிமாவுல ஒரு வரியாவது பேசிட்டு வா, வேலைன்னு ஒத்துக்கிறேன். இல்லாங்காட்டி பி.எட். சேரு."

தோழியின் கடமை

சென்னீர்குப்பத்தில் படப்பிடிப்பு. கிடைத்தது கதாநாயகியின் தோழி வேடம். நாயகன் ஜோக்கடிப்பான், நான் சிரிக்க வேண்டும். வசனம் கிடையாது. சொந்தமாக ஜோக் எழுதுகிறவளை இதற்கா கூப்பிட்டீர்கள் என்று உதவி இயக்குநரைப் பிடித்துக்கொண்டேன். அவர் பாவம்போலச் சொன்னார்: "நீங்க சிரிச்சாதான்க்கா அது காமெடின்னே ஜனங்களுக்குத் தெரியும்."

எந்த பஸ்?

விடுவேனா? சண்டை போட்டு ஒரு வரி வாங்கினேன். நாயகன் பஸ் படியை மறித்து, "அவளுக்காக உசிரையே குடுப்பேன்!" என்பான். நான், "உசிரெல்லாம் வேணாண்ணா, வழிய விடுங்க. பஸ் கிளம்புது" என்றேன். மேடைப் பழக்கம், சிரிப்புக்கு இடைவெளி விட்டேன். ஒருவரும் சிரிக்கவில்லை. இன்னும் கொஞ்சம் விட்டேன். நாயகன் திருதிருவென்று விழித்தான்.

"கட்! டயலாக்தான் முடிஞ்சிச்சே, இன்னும் எந்த பஸ்ஸுக்கும்மா நிக்கிற?" என்றார் இயக்குநர். சிரிக்காத நீங்களெல்லாம் மனிதர்களா என்று நான் ஆரம்பிக்க, காதில் ஹெட்போனோடு சவுண்ட்காரர் கும்பிட்டார்: "இங்க சிரிச்சா அதுவும் ரெகார்ட் ஆயிடும்மா. அடக்கிகினு கீறேன், ஊட்டுக்குப் போய் சிரிக்கிறேன்."

ஆவடி தியேட்டர்

படத்தில் அந்த டேக்கையே வைத்திருந்தார்கள். என் வரி வந்தது. நான் விட்ட இடைவெளியில், திரை முழுக்க நாயகனின் முழி. அரங்கமே அதிர்ந்தது. "செம எக்ஸ்பிரஷன் மாமே!" என்றது பின்வரிசை. வரி என்னுடையது, இடைவெளி என்னுடையது, பேர் மட்டும் அவனுக்கா? பக்கத்தில் இருந்த அம்மாவிடம் பொரிந்தேன். சிரித்துச் சிரித்து வந்த கண்ணீரை அவள் முந்தானையால் துடைத்தாள். "பேசுனது நீ, முழிச்சது அவன். பி.எட்.ல அவனைச் சேரச் சொல்லு."

ஆக, சிரிக்கவைப்பது என் தொழில்; அந்தச் சிரிப்பு யாருடையது என்று வாதாடுவது என் ஓவர்டைம்.