மீன் வண்டியில் சினிமாவுக்கு

ஐஸ் உருகி வடிந்த மீன் தண்ணீரின் வாடையை ஃபினாயில் ஊற்றிக் கழுவினாலும் அது முழுதாகப் போவதில்லை. அதன்மேல் மல்லிகையும் சந்தனமும் சேர்ந்தால் எல்லாம் கலந்து புதிதாக ஒரு வாடை பிறக்கும். கோவளத்தில் ஒரு கல்யாணத்தை முடித்துக்கொண்டு எங்கள் ஏரிக்கரை ஊரான கோட்டைக்குப்பத்துக்குத் திரும்பிய சாயங்காலம், மாமாவின் மீன் வண்டிக்குள் அந்த வாடைதான் இருந்தது. கவிழ்த்துப் போட்ட மீன் பெட்டிகளில் அம்மாவும் நைனாவும் நானும் உட்கார்ந்திருந்தோம். அப்போது நான் மூன்றாம் வகுப்பு. அந்த வண்டியில் எழுத்துக்கூட்டிப் படிக்கத் தெரிந்தது நான் ஒருத்திதான்.

வழியில் ஒரு 'திறந்த கொட்டாய்' வரும் என்று மாமா சொல்லியிருந்தார். வண்டியைவிட்டு இறங்காமலே படம் பார்க்கலாம். சத்தம் கேட்க வண்டிக்குப் பக்கத்திலேயே ஒரு ஒலிபெருக்கிப் பெட்டி இருக்கும். கார் வைத்திருப்பவர்களை நினைத்துக் கட்டிய திரையரங்கு அது. அம்மாவுக்கோ அங்கே போக வேறு காரணம் இருந்தது. பொன்னேரியில் ஒரு முறை படம் பார்க்கப் போனபோது பக்கத்து நாற்காலிக்காரி முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு எழுந்து வேறிடம் போனாள். காலையில் இறால் உரித்த கையை அம்மா அன்று மூன்று தடவை சோப்புப் போட்டுக் கழுவியிருந்தாள். அதற்குப் பிறகு அவள் சினிமாவுக்கே போகவில்லை.

"நம்ம வண்டி, நம்ம வாடை. எவ மூக்கப் பொத்துவா?" என்று வழியெல்லாம் சொல்லிக்கொண்டு வந்தாள்.

வாசலில் கார்கள் வரிசையாக நின்றன. மாமா வண்டியை ஓரங்கட்டினார். விளக்கு வெளிச்சத்தில் ஒரு பலகை. அதன் கீழே வரிசையாகக் குரோட்டன்ஸ் தொட்டிகள்.

"இன்னா போட்டுக்குது, படிடி" என்றாள் அம்மா.

வகுப்பில் எழுந்து நின்று வாசிக்கும் குரலில் படித்தேன்: "வேன், சரக்கு வாகனங்களுக்கு இவ்வழியில் அனுமதி இல்லை."

நைனா பலகையை எட்டிப் பார்த்தார். பிறகு, "எழுதியே போட்டுட்டான். வண்டியத் திருப்பு மச்சான்" என்றார். காவலாளியை யாரும் எதுவும் கேட்கவில்லை. எழுதி வைத்ததற்குமேல் கேட்பதற்கு என்ன இருக்கிறது என்றுதான் எங்கள் வீட்டில் அப்போது நினைப்பார்கள். வண்டி திரும்பியபோது மதிலுக்குமேல் திரையின் மேற்பகுதி மட்டும் தெரிந்தது. எங்கள் வீட்டைவிட அகலமான ஒரு பெண்ணின் நெற்றியும் அதில் ஒரு பொட்டும். சாலை வளையும்வரை அம்மா அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

உள்ளே போய் அவமானப்படாமல் தன் மகள் காப்பாற்றிவிட்டாள் என்று நைனா ஏரிக்கரையில் பல நாள் சொல்லிக்கொண்டிருந்தார். எனக்கும் அது பெருமையாகத்தான் இருந்தது.

படித்து முடித்து, அதே சாலையில் உள்ள ஒரு கல்லூரியில் நூலக வேலைக்குச் சேர்ந்தேன். அதற்குள் திரையரங்கை மூடிவிட்டார்கள். ஒரு நாள் பேருந்திலிருந்து இறங்கிப் போய்ப் பார்த்தேன். கார்கள் நின்ற மேடுகளில் புல் இடுப்பளவு வளர்ந்திருந்தது. திரை வெளுத்து, திட்டுத் திட்டாக உரிந்திருந்தது. வாசலில் தொட்டிகள் இல்லை, ஆனால் பலகை இருந்தது. நான் படித்த வரிக்குக் கீழே, தொட்டிச் செடிகள் மறைத்திருந்த இடத்தில் இன்னொரு வரி: "இடப்புற வாசல் வழியாகப் பின்வரிசைக்குச் செல்லவும்."

உயரமான வண்டிகள் மற்றவர்களுக்குத் திரையை மறைக்கும் என்பதால் செய்த ஏற்பாடு, அவ்வளவுதான்.

அன்றிரவே அம்மாவிடம் சொன்னேன். அவள் இறால் உரிப்பதை நிறுத்தவில்லை.

"பின்னால நின்னா படம் தெரியுமா?"

"நல்லா தெரியும்மா."

"பெரிய படிப்பாளி" என்று சிரித்தாள்.

இப்போது அங்கே மதிலும் இல்லை, பலகையும் இல்லை; அடுக்குமாடி வீடுகள் எழும்புகின்றன. அம்மா அதன் பிறகும் எந்தத் திரையரங்குக்கும் போகவில்லை. ரேஷன் கடை அறிவிப்பானாலும் ஆஸ்பத்திரிச் சீட்டானாலும் நான் படித்து முடித்ததும் தாளை என் கையிலிருந்து வாங்கி, ஒரு முறை பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுக்கிறாள்.

"அடியில இன்னா போட்டுக்குது? அதயும் படி."