பன்னிரண்டாவது தடவை

கரவனெல்லைக்கு மேலே உள்ள ரப்பர் தோட்டத்து டிஸ்பென்சரியில் சுஜீதாவுக்குக் கட்டுப் போட்டவன் நான். கம்ப்யூட்டரில் பதிவு எழுதியவள் விஜயகலா. சுஜீதா அவளுடைய அண்ணன் சுரேந்திரனின் மனைவி.

அடிபட்டு வரும் பெண்ணிடம் எங்கள் டிஸ்பென்சரியில் யாரும் எதுவும் கேட்பதில்லை. கூட்டிவந்த ஆண் சொல்வான், நாங்கள் எழுதிக்கொள்வோம். சுரேந்திரன் ஒவ்வொரு தடவையும் படியில் வழுக்கி விழுந்தாள் என்றான். ஒருமுறை விலா உடைந்திருந்தது, ஒருமுறை காது கிழிந்து தொங்கியது. அது என்ன பாழாய்ப்போன படி என்று நான் கேட்கவில்லை. வெட்கக்கேடு.

விஜயகலா கேகாலையில் ஞாயிறு வகுப்புக்குப் போய், அட்டவணையைக் கேள்வி கேட்கும் எஸ்.க்யூ.எல். மொழி படித்தவள். போன வருஷம் மூன்று தடவைக்கு மேல் காயப்பட்டவர்கள் யார் என்று மேலிடம் கேட்டது. பெயர்வாரியாக எண்ணித்தரும் கவுண்ட் என்ற கட்டளையைக் கொடுத்தாள். ஒருவரும் இல்லை என்றது கம்ப்யூட்டர். அவளுக்கு நம்பிக்கை வரவில்லை. பதிவுகளைப் பிரித்துப் பார்த்தாள். அண்ணியின் பெயரை எழுதும்போதெல்லாம் அவள் கை தயங்கியிருக்கிறது. தயங்கிய விரல் பெயருக்கு முன்னால் ஸ்பேஸ் என்ற வெற்றிடத்தைத் தட்டியிருக்கிறது, ஒரு நாள் ஒன்று, ஒரு நாள் மூன்று, நான்கு. ஒரே சுஜீதாவை இயந்திரம் ஐந்து பெண்களாக எண்ணிவிட்டது. வெற்றிடத்தை வெட்டி எறியும் ட்ரிம்மைச் சேர்த்து மறுபடி ஓட்டினாள். சுஜீதா, பதினொன்று. என்னைக் கூப்பிட்டுத் திரையைக் காட்டினாள்.

அதே வாரம் சுஜீதா மறுபடி வந்தாள். கை முறிந்து, தலையிலிருந்து ரத்தம் வழிந்தது. வழக்கம்போல் சுரேந்திரன் முன்னால் வந்து நின்றான்.

"வழுக்கி விழுந்துட்டா. எழுது."

விஜயகலா அவனைப் பார்க்கவே இல்லை. "அண்ணி, நீங்க சொல்லுங்க."

"ஒங்க அண்ணன்தான்."

அவன் தங்கையின் கொண்டையைப் பிடித்து முகத்தை மேசையில் மோதினான். பல் தெறித்தது. மறுபடி மோதினான். கீபோர்டு முழுக்க ரத்தம். பேண்டேஜ் சுருளைப் பிடித்தபடி நான் மரமாக நின்றேன். மூன்றாவது மோதலில்தான் எனக்கு உயிர் வந்தது. இரும்புத் தட்டால் அவன் பிடரியில் ஓங்கி அடித்தேன். வெளியில் நின்ற ரப்பர்ப் பால்வெட்டுக்காரர்கள் ஓடிவந்து அவனைத் தரையில் அமுக்கிப் போலீசில் கொடுத்தார்கள்.

இரண்டு பெண்களையும் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனேன். அங்கே பதிவெழுதும் நிஸார் விஜயகலாவின் கட்டில் அருகே வந்து, என்னைப் பார்த்து என்ன நடந்தது என்று கேட்டார். இத்தனை வருஷப் பழக்கம், வழுக்கி என்ற சொல் என் வாய்வரை வந்துவிட்டது.

உதட்டில் பஞ்சை ஒற்றிக்கொண்டிருந்த என் கையை விஜயகலா தள்ளினாள். உதடு வீங்கியிருந்ததால் மெதுவாகத்தான் பேசினாள்.

"எங்க அண்ணன் சுரேந்திரன் அடிச்சாரு. அடுத்த கட்டில்ல இருக்கவங்களையும் அவருதான். அவங்களுக்குப் பன்னெண்டு தடவன்னு போடுங்க. எண்ணிப் பார்த்துட்டுத்தான் சொல்றேன்."