தினம் ஒரு பங்கு

கத்திரி காதோரம் நின்றுவிட்டால் பங்குச் சந்தை திறந்துவிட்டது என்று அர்த்தம். நாற்காலியில் இருப்பவர் மூச்சுக் காட்டக் கூடாது. சலூன்காரர் கைப்பேசியை எடுத்து, ஒரு கயிறு கம்பெனியின் பங்கில் ஒன்றே ஒன்றை வாங்கிவிட்டுத்தான் மறு காதுக்கு வருவார். "பல்லு விளக்குற மாதிரி சார், தினம் ஒண்ணு."

எங்கள் தெருவில் அவருக்குப் பங்கு அண்ணன் என்று பெயர். பேச்செல்லாம் சந்தை விலைதான். யாராவது பழைய சைக்கிளைக் காட்டினால், "நீங்க எவ்ளோ குடுத்து வாங்கினீங்கங்கிறது கதை. இன்னிக்கு ஒருத்தன் என்ன குடுப்பான்? அதான் விலை" என்பார். என் தலைமுடிக்குக்கூட விலை சொல்லியிருக்கிறார். அதை இங்கே எழுதுவதற்கில்லை. கயிறு கம்பெனி மட்டும் நாளுக்கு நாள் ஏறியது. கையிலுள்ள மொத்தத்தையும் அன்றைய விலையால் பெருக்கிப் பார்த்து மீசையைத் தடவிக்கொள்வார்.

அவர் மனைவி வீட்டு முன்னறையில் பெண்களுக்கு முடி திருத்துகிறார். சலூனை ஒட்டிய அறை காலியானதும் அங்கே தனிக்கடை போட ஆசைப்பட்டார். வெள்ளிக்கிழமைக்குள் அட்வான்ஸ் தராவிட்டால் அறை செல்போன் கடைக்காரருக்குப் போய்விடும். "கவலைப்படாத, நம்ம கம்பெனி இருக்கு" என்றார் அண்ணன்.

புதன்கிழமை காலை நான் நாற்காலியில். மனைவி பக்கத்தில் நிற்க, அண்ணன் எல்லாப் பங்கையும் விற்பனைக்குப் போட்டார். வாங்க ஆளில்லை. விலையைக் கொஞ்சம் இறக்கினார். ஈ காக்கை எட்டிப் பார்க்கவில்லை. திரையில் ஒரே ஒருவர் கேட்டிருந்தார், பாதி விலைக்கு.

"நேத்து வரைக்கும் ஏறிக்கிட்டே இருந்துச்சே. அந்த விலைக்கு யாருங்க வாங்குனது?" என்றார் மனைவி.

அண்ணன் திரையை மேலே தள்ளினார், கீழே தள்ளினார். "நான்தான்."

விற்கிறவர் கேட்ட விலையைக் கொடுத்துத் தினம் ஒன்றை வாங்கி விலையை ஏற்றியதும் அவர்தான், ஏறியதைப் பார்த்துப் பூரித்ததும் அவர்தான். எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. அந்த அம்மாவின் முகத்தைப் பார்த்ததும் அடங்கிவிட்டது.

"பாதி வந்தா அட்வான்ஸ் குடுத்துடலாம். கண்ணாடி, நாற்காலிக்கு ஒண்ணும் மிஞ்சாதே."

"கொஞ்சம் பொறுத்தா ஏறும்..." என்று ஆரம்பித்தவர் பாதியில் நிறுத்திக்கொண்டார். யார் ஏற்றுவது? பாதி விலைக்கே விற்றார்.

பிறகு ஸ்டூலில் ஏறி, என் எதிரே சுவரிலிருந்த பெரிய கண்ணாடியைக் கழற்றி மனைவியிடம் நீட்டினார்.

"புடி. கனமா இருக்கும்."