மூன்றாவது ஜாடி

லாரிக்காரர்கள் அவரை ஒட்டகம் என்றுதான் கூப்பிடுவார்கள். ஸ்டியரிங் பிடித்துவிட்டால் சரக்கு இறக்கும்வரை சொட்டுத் தண்ணீர் தொடமாட்டார். குடித்தால் வண்டியை நிறுத்த வேண்டும், நிறுத்தினால் நேரம் போகும். ஆயுசில் பாதியை அப்படியே ஓட்டிவிட்டார்.

கொஞ்ச காலமாக அவர் உடம்பில் ரத்தம் குறைந்துகொண்டே வந்தது. நாலு படி ஏறினால் மூச்சு வாங்கும். வாய் வழியாகக் குழாய் விட்டுப் பார்த்தார்கள், கீழ் வழியாகவும் பார்த்தார்கள், ஒன்றும் அகப்படவில்லை. நடுவே சிறுகுடலில் அபூர்வமாகச் சிலருக்குக் கட்டி வரும், அதில் ரத்தம் கசியலாம், ஸ்கேனில்தான் பிடிக்க முடியும் என்றார் டாக்டர். அதற்கு முன் ஒரு ஜாடி மருந்துத் தண்ணீர் குடிக்க வேண்டும். குடல் நிரம்பி விரிந்தால்தான் கட்டி தெரியும். சுருங்கிக் கிடந்தால் மடிப்புக்குள் ஒளிந்துகொள்ளும்.

முதல் தடவை, குடல் விரியவில்லை, உறுதியாகச் சொல்ல முடியவில்லை என்று வந்தது. இரண்டாம் தடவையும் அதே பாட்டு. வீட்டில் தையல் மெஷின் போட்டுப் பிழைக்கும் அவர் மனைவிக்குப் பொறுமை போய்விட்டது. மூன்றாம் தடவை வந்ததுமே ஸ்கேன் எடுக்கும் பெண்ணிடம் பாய்ந்தாள்.

"மிஷின் ரிப்பேர்னா ரிப்பேர்னு சொல்லுங்களேம்மா. எங்களை ஏன் நாயா அலைய விடறீங்க?"

"மிஷின் நல்லாத்தாம்மா இருக்கு. ஐயா போன ரெண்டு தடவையும் முழுசாக் குடிச்சாரா?"

"குடிச்சாரு. என் கண்ணால பாத்தேன்."

அவள் பார்த்தது காலி ஜாடியைத்தான்.

அன்று ஜாடியோடு அவர் எழுந்து போனபோது ஏனோ பின்னாலேயே போனாள். நடைபாதைக் கோடியில், வாஷ்பேசினில் சத்தம் வராமல் சாய்த்து ஊற்றிக்கொண்டிருந்தார்.

"என்னங்க பண்றீங்க?"

"வாய் கொப்பளிச்சேன்."

"ஜாடியாலயா?"

அவர் தலையைக் குனிந்துகொண்டார். "படுக்க வெச்சப்புறம் ஒண்ணுக்கு முட்டிக்கிட்டு வந்துட்டா என்ன பண்றது? அந்தப் பொண்ணுக்கு நம்ம மக வயசு."

"மானத்தைக் காப்பாத்த உசுரை விடப்போறீங்களா? இப்பத்தான் அவளைக் கிழிகிழின்னு கிழிச்சுட்டு வந்தேன். எந்த மூஞ்சியோட போய் இன்னொரு ஜாடி கேக்கறது?"

போய்க் கேட்டாள். அந்தப் பெண் புதுசாக ஒரு ஜாடி கலக்கிக் கொடுத்தாள். திட்டியிருந்தாலாவது ஆறியிருக்கும். மனைவி அவர் எதிரில் உட்கார்ந்து, அவர் தொண்டை ஏறி இறங்குவதை ஒவ்வொரு மடக்காகப் பார்த்தாள்.

இந்த முறை தெரிந்தது. டாக்டர் படத்தைக் காட்டினார். சிறுகுடலின் கடைசிப் பக்கத்தில் கோலிக்குண்டு அளவுக்குக் கட்டி.

"இதை எடுத்துடலாம். பக்கத்துல நெறி கட்டி வீங்கியிருக்கு பாருங்க, நோய் பரவ ஆரம்பிச்சாலும் இப்படி வீங்கும். அது முன்னாடியே இருந்துச்சா, புதுசா வந்துச்சான்னுதான் தெரியல. பழைய ரெண்டு படத்துலயும் குடலே சரியா விழலையே."

அவள் கணவரைத் திரும்பிப் பார்த்தாள். அவர் தொண்டையைச் செருமிக்கொண்டார். "எப்ப வண்டி எடுக்கலாம் டாக்டர்?"

அவரைப் பிடித்து உலுக்க வேண்டும்போல் கை பரபரத்தது. பற்களைக் கடித்துக்கொண்டு, ஆபரேஷன் எப்போது என்று மட்டும் கேட்டாள்.