ஈரச்சுவரில் ஓடிய வகுப்பு

திண்டிவனம் பக்கத்துப் பள்ளியில் எட்டாம் வகுப்புக்கு அறிவியல் எடுத்துக்கொண்டிருந்த என்னை விழுப்புரத்தில் ஓர் அறைக்கு அனுப்பினார்கள். அங்கே கேமரா முன் நின்று நான் பாடம் நடத்த, பல பள்ளிகளில் அது புரொஜெக்டர் வழியாகச் சுவரில் ஓடும். ஒவ்வொரு வகுப்பும் என் திரையில் தீப்பெட்டி அளவுக்குத் தெரியும். சத்தம் வராது. பிள்ளைகள் வாயசைப்பதைப் பார்த்துக்கொண்டே நான் பேசவேண்டும்.

அன்று மூன்றாவது நாளாக மழை. நுரையீரல் பாடம். என் பழைய வகுப்பில், புரொஜெக்டர் ஒயர் இறங்கும் சுவரில் கறுப்பாக ஏதோ தெரிந்தது. நிழல் என்று நினைத்தேன். பத்து நிமிடத்தில் அது சுவிட்ச் போர்டுவரை இறங்கியிருந்தது.

புரொஜெக்டரை மாட்ட வந்தபோதே தலைமையாசிரியரிடம் சொல்லியிருந்தேன்: "சார், அந்தச் சுவரு ஒழுகும்."

"மத்த சுவத்துல வெயில் அடிக்குதும்மா. படம் தெரியாது."

இப்போது அந்த வகுப்பில் ஆசிரியரும் இல்லை. சுவரில் நான் இருக்கிறேன் என்று பக்கத்து வகுப்பைப் பார்க்கப் போயிருந்தார். அங்கே படம் விட்டு விட்டு வந்திருக்க வேண்டும். அதைச் சரிசெய்ய முன் பெஞ்சுப் பெண் எழுந்து சுவிட்ச் போர்டை நோக்கி நடந்தாள்.

"தொடாதே!" என்று கத்தினேன்.

என் குரல் அங்கே போய்ச்சேரச் சில விநாடிகள் ஆகும். மற்ற வகுப்புகளில் பிள்ளைகள் திடுக்கிட்டு, பிறகு சிரித்தார்கள். அவள் கையை நீட்டினாள். அந்தக் கட்டம் மட்டும் இருண்டது.

பள்ளிக்குப் போன் செய்தேன். கிளார்க் எடுத்தார். "எட்டாங்கிளாஸ் மெயினை ஆஃப் பண்ணுங்க சார், ஜல்தி!"

ரிசீவரைத் துண்டிக்காமல் மேசையில் வைத்துவிட்டு ஓடினார். மழைச்சத்தம் மட்டும் கேட்டது. கேமராக்காரர் மெதுவாகச் சொன்னார்: "மேடம், லைவ் போய்க்கினு இருக்குது. பேசுங்க."

நான் போனைக் காதிலிருந்து எடுக்கவில்லை. கடைசியில் கிளார்க் குரல் வந்தது. "உயிருக்கு ஒண்ணும் இல்லீங்க. ஆஸ்பத்திரிக்கு இட்டுக்கினு போறாங்க."

பஸ் பிடித்து ஆஸ்பத்திரிக்குப் போனேன். அவளுக்கு இரண்டு விரல்களில் கட்டு. பக்கத்தில் உட்கார்ந்ததும் அவள் சொன்னாள்: "நீங்க கத்தினது கேட்டுச்சு டீச்சர். படத்துல வேற யாரையோ திட்றீங்கன்னு நெனச்சிட்டேன்."

மறுநாளே என் வகுப்பைத் திரும்பக் கேட்டு எழுதிக்கொடுத்தேன். கிடைத்தது. சுவிட்ச் போர்டை வேறு சுவருக்கு மாற்றினார்கள். அன்றைய பாடத்தின் பதிவு மட்டும் நான் கத்திய இடத்தை வெட்டிவிட்டு இன்னும் பள்ளிகளில் ஓடுகிறது.