அம்மா எதையும் விடவில்லை

இந்த நினைவு மலர் கைக்கு வந்ததும் முதலில் எந்தப் பக்கத்தைத் திருப்பினீர்கள்? உங்கள் போட்டோ இருக்கும் பக்கத்தைத்தானே? பரவாயில்லை, எல்லோரும் அதைத்தான் செய்வோம். பார்த்து முடித்துவிட்டு இங்கே வாருங்கள். அம்மாவின் வாழ்க்கைக் குறிப்பு நான்காம் பக்கத்தில் இருக்கிறது. அதை எழுதிக் கொடுத்தவர் எங்கள் பெரியப்பா, அதாவது அப்பாவின் அண்ணன், நம் சபையின் மூப்பர். அவர் எழுதியதன் கடைசியில் ஒரு வரி இருந்தது. "தன்னிடம் இருந்த தவறான பழக்கத்தை மரணப்படுக்கையில் விட்டுவிட்டு, சபையோடு ஒப்புரவாகி, சமாதானத்தோடு கண் மூடினார்."

தவறான பழக்கம் என்றதும் வெளியூர்ச் சொந்தங்கள் என்ன நினைப்பார்கள்? குடி என்று நினைப்பார்கள், சீட்டு என்று நினைப்பார்கள். அம்மா செய்தது யோகா.

அந்த வரி அச்சில் வந்ததா இல்லையா என்று இப்போதே புரட்ட வேண்டாம். முதலில் இதைப் படியுங்கள். நினைவு மலரில் கோபப்படக் கூடாது என்று சித்தி மூன்று தடவை சொன்னார். முயன்று பார்த்தேன், முடியவில்லை.

அம்மா பிறந்தது வளப்பூர் நாட்டில். எங்கள் மலையில் நாடு என்றால் சில ஊர்கள் சேர்ந்த பகுதி. வீட்டில் மிளகு இருந்தது, பலா இருந்தது, பெண் பிள்ளையைப் படிக்க வைக்கும் எண்ணம் மட்டும் இல்லை. அடம்பிடித்து எட்டாவது வரை படித்தார். கூடப் படித்த தோழியோடு சர்ச்சுக்குப் போகத் தொடங்கி, பத்தொன்பது வயதில் தானாகவே ஞானஸ்நானம் எடுத்துக்கொண்டார். இதைக் கொஞ்சம் கவனியுங்கள். கல்யாணத்துக்காக எடுத்ததல்ல. அப்பா யார் என்றே அப்போது அவருக்குத் தெரியாது. அம்மாவின் அண்ணன், என் மாமா, நான்கு வருடம் அவரோடு பேசவில்லை. பிறந்த வீட்டு நல்லது கெட்டது எதற்கும் அழைப்பு வரவில்லை. இயேசுவுக்காக அம்மா கொடுத்த விலை அது. பெரியப்பா பிறக்கும்போதே கிறிஸ்தவர். அவர் கொடுத்த விலை என்ன என்று தெரிந்தவர்கள் எனக்குச் சொல்லலாம்.

கல்யாணமாகித் திருப்புலி நாட்டுக்கு வந்தார். ஒன்றரை ஏக்கரில் குச்சிக்கிழங்கு என்கிற மரவள்ளியும் மிளகும். சில்வர் ஓக் மரத்தில் படர்ந்த கொடியில் மிளகு பறிக்க ஒற்றை மூங்கில் ஏணியில் ஏற வேண்டும். ஆம்பிளை வேலை என்பார்கள். அப்பாவுக்கு நாலு படி ஏறினாலே தலை சுற்றும் என்பதால் அம்மா ஏறினார். ஒரு மாசி மாதம் ஏணி சறுக்கி விழுந்தார். எலும்பு தப்பியது. இடுப்பு போயிற்று. குனிந்தால் நிமிர முடியாது, நிமிர்ந்தால் குனிய முடியாது.

சுகாதார நிலையத்தில் மாத்திரை கொடுத்துவிட்டு, புதன்கிழமை கீழே இருந்து பஸ்ஸில் யோகா டீச்சர் வருவார், வந்து பாருங்கள் என்றார்கள். அம்மா பயந்துகொண்டுதான் போயிருக்கிறார்.

"நான் கும்புடறது ஏசுவுங்க. இதச் செஞ்சாத் தப்பாயிருமுங்களா?"

"முதுகு வலிக்கு வந்தீங்களா, மதம் மாற வந்தீங்களா?" என்றாராம் டீச்சர். "போட்டோ எடுக்கணும், நேரா உக்காருங்க."

அங்கே நடந்த மத மாற்ற முயற்சி மொத்தமும் அவ்வளவுதான்.

மற்றவர்கள் ஓம் சொல்லும்போது அம்மா வாயை மூடிக்கொள்வார். சூரியனைக் கும்பிடுகிற பயிற்சி வந்தால், "இது எனக்கு ஒப்பலீங்க" என்று ஓரமாக நின்றுகொள்வார். எதை எடுப்பது, எதை விடுவது என்று எட்டாவது படித்த அந்தப் பெண்ணுக்குத் தெரிந்திருந்தது. அதற்கு மூப்பர் தேவைப்படவில்லை.

ஆறு மாதத்தில் இடுப்பு சரியானது. ஆனாலும் அம்மா நிறுத்தவில்லை. ஏன் என்று ஒரு நாள் கிழங்கு உரித்துக்கொண்டே என்னிடம் சொன்னார்.

"கண்ணு, யாருகிட்டயும் சொல்லீராத. இருவது வருசமா எனக்கு ஜெபமே வர்ல. கண்ண மூடுனா ஆண்டவரு வரமாட்டேங்கறாரு, களத்துல காயற மொளகுதான் வருது. மழ வந்துருமோ, பன்னி கெழங்கத் தோண்டீருமோன்னு. வாயி ஸ்தோத்திரமுங்குது, மனசு களத்துல நிக்குது."

"எல்லாருக்கும் அப்படித்தாம்மா."

"எனக்கு இப்ப நிக்குது. மூச்சோட சேத்துக் கட்டிப்போட்டா நிக்குது."

அவர் செய்தது மிகச் சின்ன விஷயம். விடியும் முன்னே பாயில் முதுகு நேராக உட்கார்வார். மூச்சு உள்ளே வரும்போது மனதுக்குள் "ஆண்டவரே" என்பார். வெளியே போகும்போது "இருக்கேனுங்க" என்பார். பள்ளிக்கூடத்தில் பேர் கூப்பிட்டால் பதில் சொல்வோமே, அது மாதிரி. ஒவ்வொரு "இருக்கேனுங்க"வுக்கும் தலை தானாக ஒரு விரற்கடை கீழே இறங்கி ஏறும். இந்தத் தலையசைப்பை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

அரை மணி நேரம் அப்படி இருந்துவிட்டு வேதம் வாசிப்பார். பிறகு எங்கள் எல்லோருடைய பேரையும் சொல்லி ஜெபிப்பார், பெரியப்பா பேரையும் சேர்த்து. முன்பெல்லாம் அவசரத்தில் பாதிப் பேர் விட்டுப்போகும். இப்போது ஒரு பேர்கூட விட்டுப்போகவில்லை. மனதை ஓர் இடத்தில் நிறுத்தத் தெரியாமல் ஜெபிப்பது, ஓடுகிற பஸ்ஸிலிருந்து ரோட்டில் நிற்பவரிடம் விஷயம் சொல்வது போல. இது நான் சொல்வது. அம்மா இப்படியெல்லாம் பேச மாட்டார்.

வெள்ளிக்கிழமை உபவாச ஜெபம் எங்கள் வீட்டில்தான் நடக்கும். வருகிற பெண்கள் முட்டி வலியால் பாதியிலேயே சுவரில் சாய்ந்துவிடுவார்கள். அம்மா அவர்களுக்கும் கை கால் நீட்டுவது, உட்காரும் முறை, மூச்சு என்று சொல்லிக்கொடுத்தார். அதற்குப் பேர் எதுவும் வைக்கவில்லை. பேர் வைத்தவர் பக்கத்து வீட்டு ரோசி அக்கா. ஒரு ஞாயிற்றுக்கிழமை சபையில், ஆண்டவர் செய்த நன்மைக்குச் சாட்சி சொல்லும் நேரத்தில் எழுந்து நின்றார்.

"ரெண்டு வருசமா முட்டி போட முடியாமக் கெடந்தேனுங்க. பக்கத்தூட்டக்காதான் யோகா சொல்லிக் குடுத்தாங்க. இப்ப ஒரு மணி நேரம் அசையாம ஜெபிக்கறேன். ஆண்டவருக்கு ஸ்தோத்திரமுங்க."

பழக்க தோஷம், சபை மொத்தமும் "ஸ்தோத்திரம்" என்றது. பெரியப்பாவின் குரல்தான் அதில் ஓங்கி நின்றது. சொன்ன பிறகுதான் எதற்குச் சொன்னோம் என்று அவருக்கு உறைத்தது. அந்த அவமானத்தை அவர் அம்மாவிடம் தீர்த்துக்கொண்டார் என்பது என் கருத்து. வேறு கருத்து உள்ளவர்கள் பந்தி முடிந்து என்னிடம் பேசலாம்.

அன்று மதியமே வீட்டுக்கு வந்தார்.

"அம்மிணி, பொறந்த ஊட்டுப் புத்தி இன்னும் போகலியா?"

"இடுப்பு வலிக்குச் செஞ்சதுங்க. இப்ப ஜெபத்துக்கும் ஆகுதுங்க."

"ஜெபத்துக்கு முட்டி இருக்குது, வாயி இருக்குது. மூச்சு எதுக்கு?"

"மூச்சு ஆண்டவரு குடுத்ததுதானுங்களே."

பதில் வராவிட்டால் பெரியப்பா சட்டம் போடுவார். "அடுத்த வாரம் சபைக்கு முன்னால விட்டுட்டேன்னு ஒரு வார்த்த சொல்லீரு. அது வரைக்கும் திருவிருந்து இல்ல."

"விடலீங்களே. விட்டுட்டேன்னு சொன்னாப் பொய்யாயிருமுங்க. பொய்யச் சொல்லிப்போட்டு அப்பத்த எப்படிங்க கையில வாங்கறது?"

சொல்லிவிட்டு அவருக்குக் காபி போட்டுக் கொடுத்தார். அவரும் குடித்துவிட்டுத்தான் போனார்.

மூன்று வருடம். மாதத்தின் முதல் ஞாயிறு திருவிருந்து, அப்பத் தட்டு வரும். அம்மா கடைசி வரிசையில் முதுகு நேராக உட்கார்ந்திருப்பார். தட்டு அவர் தலைக்கு மேலே ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்குப் போகும். இந்த மலரை வாசிக்கிற பல பேருடைய கைகள் அவை. எனக்கு ஒவ்வொன்றும் ஞாபகம் இருக்கிறது. போதகரிடம் கேட்டால், "எனக்கு மனசு இருக்குதுங்க, ஆனா மூப்பரு..." என்று இழுப்பார். அந்த "ஆனா"விலேயே மூன்று வருடம் ஓடியது.

இந்தச் சேதி வளப்பூர் வரை போய், மாமா ஒரு பலாப்பழத்தைத் தூக்கிக்கொண்டு வந்தார். முகமெல்லாம் சிரிப்பு.

"பாத்தியா, சுத்திச் சுத்தி நம்ம பக்கமே வந்துட்ட. யோகா நம்முளுதுதானே."

"அண்ணா, நான் எங்கயும் போகல, எங்கயும் வர்ல. பழத்த வெச்சுட்டு உக்காருங்க."

"அதில்ல சாமி, உங்க ஆளுகளே உன்ன வேண்டாங்கறாங்க..."

"நாலு வருசம் நீங்க வேண்டாமுன்னீங்க. அதுக்கே நான் போயிரல."

மாமா பலாச்சுளையை வாயில் போட்டுக்கொண்டார். அதோடு அந்தப் பேச்சு முடிந்தது. அவர் மேலும் எனக்குக் கோபம் உண்டு என்பதை இங்கேயே பதிவு செய்கிறேன். ஒருத்தர் தள்ளிவிடுகிறார், இன்னொருத்தர் விழுகிற இடத்தில் சாக்குப்பையோடு நிற்கிறார். நடுவில் நிற்கிற பெண்ணிடம் உனக்கு என்ன வேண்டும் என்று யாரும் கேட்கவில்லை.

அப்புறம் நுரையீரல் வியாதி வந்தது. மூச்சுக்குப் பேர்போனவருக்கு மூச்சிலேயே வந்தது. யோகா அவரைக் காப்பாற்றவில்லை, ஜெபமும் காப்பாற்றவில்லை. ஆகவே இரண்டு தரப்பும் அதை வைத்துச் சண்டை போட வேண்டாம். மலையிறங்கி ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். கடைசி வாரம் முகத்தில் ஆக்சிஜன் மாஸ்க். பேச்சு நின்றுவிட்டது. கண்ணை மூடி, மெதுவாக மூச்சு இழுத்து, மெதுவாக விட்டு, விடும்போது தலை ஒரு விரற்கடை அசையும். ஆண்டவரே, இருக்கேனுங்க. நான் பக்கத்தில் உட்கார்ந்து கூடவே சொல்லிக்கொண்டிருந்தேன்.

அப்போதுதான் பெரியப்பா போதகரோடு வந்தார். போதகர் கையில் திருவிருந்துப் பெட்டி இருந்தது. பெரியப்பா குனிந்து அம்மாவின் காதருகே கேட்டார்.

"அம்மிணி, அந்தப் பழக்கத்த விட்டுட்டியா? ஆமான்னாத் தலைய ஆட்டு, போதும்."

அம்மா மூச்சை விட்டார். தலை அசைந்தது.

"ஆட்டீட்டா. ஐயா, பாத்தீங்கல்ல, ஆட்டீட்டா."

போதகர் மாஸ்க்கை விலக்கி ஒரு துணுக்கு அப்பத்தைத் திராட்சரசத்தில் நனைத்து நாக்கில் வைத்தார். அம்மா கண்ணைத் திறந்தார். மூன்று வருடத்துக்குப் பிறகு வாயில் அப்பம். அந்த முகத்தை நான் வர்ணிக்கப் போவதில்லை, அது எனக்கு மட்டும். அவர்கள் போன பிறகும் தலை அசைந்துகொண்டுதான் இருந்தது. நர்ஸ் கையை நீட்டச் சொன்னதற்கும் அசைந்தது. யாரும் எதுவும் கேட்காதபோதும் அசைந்தது. விட்டுவிட்டேன் என்று சொன்னதாக அவர்கள் எடுத்துக்கொண்டது, அம்மா விடாமல் செய்துகொண்டிருந்த அதே காரியத்தை.

எனக்கு அது தெரியும். அந்த நிமிடமே தெரியும். வாயைத் திறந்திருந்தால் அப்பம் பெட்டிக்குள் திரும்பப் போயிருக்கும். அதனால் சும்மா இருந்தேன். இந்தக் கட்டுரையில் யார் யாரையோ திட்டிவிட்டேன், என்னையும் அந்த வரிசையில் சேர்த்துக்கொள்ளுங்கள். மறுநாள் காலை அம்மா போய்விட்டார்.

போன வாரம் பெரியப்பாவின் குறிப்பு வாட்ஸ்அப்பில் வந்தது. அப்பாவிடம் அந்தக் கடைசி வரியைக் காட்டினேன்.

"இருந்துட்டுப் போகுது கண்ணு. அவளுக்கு அப்பம் கெடச்சுது, சபைக் கல்லறையில எடம் கெடச்சுது. இப்ப எதுக்குக் கெளறணும்?"

"பொய்யாயிருமுங்கப்பா."

அப்பா நிமிர்ந்து பார்த்தார். "தலைய ஆட்டுனாள்ல?"

அவர் எதிரில் உட்கார்ந்து, அம்மா மாதிரி நாலு மூச்சு விட்டுக் காட்டினேன். அப்பா என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். எத்தனையோ வருடம் அடுப்புப் பற்றவைக்கும்போது ஓரக்கண்ணால் பார்த்த அசைவு அது.

"இது அவ வெடியால பாயில ஆட்டறது" என்றார்.

போனை எடுத்தார். "அண்ணா, அந்தக் கடேசி வரிய எடுக்கறமுங்க. அவ விடலீங்கண்ணா. விடாமத்தான் அப்பம் வாங்குனா. அது தப்புன்னா எங்கிட்ட வந்து கேளுங்க." வைத்துவிட்டார். அண்ணனிடம் பேசும்போது அப்பா முதலில் போனை வைத்து நான் பார்த்ததே இல்லை.

இது நன்றி சொல்ல வேண்டிய இடம். அம்மாவை நேராக உட்காரச் சொன்ன அந்த டீச்சருக்கு நன்றி. கொண்டை ஊசி வளைவுகள் முழுக்க அம்மாவின் தலையைத் தன் மடியில் தாங்கி மலையிறக்கிய மாமாவுக்கு நன்றி, கோபம் அப்படியே இருக்கிறது. அம்மாவுக்கு இல்லாத அப்பம் தனக்கும் வேண்டாம் என்று மூன்று வருடம் தட்டைத் தொடாமல் தள்ளிவிட்ட ரோசி அக்காவுக்கு நன்றி. வெள்ளிக்கிழமை அவர் வீட்டில் ஐந்து பேர் பாய் விரிக்கிறார்கள். பந்தல் போட்டு, குழி வெட்டி, தூக்கிச் சுமந்த சபையாருக்கு நன்றி. அந்த மூன்று வருடத்துக்கு நன்றி கிடையாது.

நினைவு ஆராதனையை நடத்த வேண்டியவர் மூப்பர். வருகிறாரா என்று கேட்க அப்பா நேற்றிலிருந்து கூப்பிட்டுக்கொண்டிருக்கிறார்.

நான்காம் பக்கத்தில் அந்த வரி இல்லை. பெரியப்பா இன்னும் போனை எடுக்கவில்லை.